ஈசிஆர் 'ஆர்ட்டிஸ்ட் வில்லா': குடும்பத்தோடு கும்மாளம் போடலாம், படம் வரைய மட்டும் போகாதீர்கள்

அம்மாவுக்கு எழுபது முடிகிறது, எல்லாரும் சேர்ந்து ரெண்டு நாள் எங்கேயாவது தங்கலாம் என்று அக்கா எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வரிசையாக லிங்க் போட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது லிங்கைத் திறந்ததும் ஒரு ஜன்னல் வந்து நின்றது. வடக்குப் பார்த்த ஜன்னல், தரையிலிருந்து கூரை வரை, மரச்சட்டத்தில் பதினாறு கண்ணாடிச் சதுரம். கீழ் வரிசையில் இடது பக்கம் ரெண்டாவது சதுரம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பச்சை. அது ஏன் பச்சை என்று எனக்குத் தெரியும். 2013-இல் அதை உடைத்ததே நான்தான், அன்றைக்குக் கேளம்பாக்கத்தில் கிடைத்த கண்ணாடி அந்த நிறத்தில்தான் இருந்தது.

'இதையே புக் பண்ணு' என்று போட்டேன். எதற்கும் வாயைத் திறக்காதவன் முதல் ஆளாகச் சரி சொன்னதில் அக்காவுக்கு ஒரே சந்தேகம். ஏன் என்று நான் சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இடம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் உள்ளே போகிற ஒரு மண் சந்தில். பெயர் போட மாட்டேன். அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு என்னால் தொந்தரவு வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துப் பன்னிரண்டு பேர், குழந்தைகள், நீச்சல் குளம், ராத்திரி பார்பெக்யூ என்று போகிறீர்களா, தாராளமாகப் போகலாம், அந்தச் சாலையில் இதைவிட மோசமான வீட்டுக்கு இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் 'கலைஞர்கள் வாழ்ந்த இல்லம், உங்களுக்குள் இருக்கும் கலைஞனை எழுப்புங்கள்' என்று போட்டிருப்பதை நம்பி ஸ்கெட்ச் புக்கோடு போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள், மீதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

பத்து வருஷத்துக்கும் மேலாக அது ஒரு ரெசிடென்சி. தமிழ்நாட்டில் பாதி லாட்ஜுக்கு 'ரெசிடென்சி' என்றுதான் பெயர் என்பதால் அப்போது யாரிடம் சொன்னாலும் 'ஏசி ரூமா, நான் ஏசியா' என்றுதான் கேட்பார்கள். கலைக்காரர்கள் சொல்கிற ரெசிடென்சி வேறு. விண்ணப்பம் போட வேண்டும், பழைய வேலைகளின் படங்களை அனுப்ப வேண்டும், எடுத்துக்கொண்டால் ஆறு வாரமோ எட்டு வாரமோ தங்க இடம், சாப்பாடு, வேலை செய்ய ஸ்டுடியோ, கைச்செலவுக்கு ஒரு சின்னத் தொகை. பதிலுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். கடைசி வாரம் ஒருநாள் ஸ்டுடியோவைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், போகும்போது ஒரு வேலையை அங்கேயே விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். ஒன்றுமே செய்யாமல் ஆறு வாரமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிற்பியும் என்னோடு இருந்தார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (அடுத்த வருஷம் அவர் செய்த வேலைகளைப் பார்த்தபோதுதான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது.)

நான் எட்சிங் போடுகிறவன். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் விட்டு, மை ஏற்றி, நனைத்த காகிதத்தோடு பிரஸ்ஸில் ஓட்டி எடுக்கிற வேலை. இதற்கு வீட்டில் வழியே கிடையாது. பிரஸ் மட்டுமே கால் டன், அரை டன் கனக்கும், நைட்ரிக் அமிலத்தைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்க முடியாது, புகை வேறு வரும். காலேஜை விட்டு வெளியே வந்ததும் அச்சு வேலை செய்கிற முக்கால்வாசிப் பேர் அதை விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான், பிரஸ் இல்லை. சென்னையில் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் பிராந்திய மையம் இருக்கிறது, அங்கே பட்டறை இருக்கிறது, அது இல்லாவிட்டால் எங்களில் பலபேர் எப்போதோ கடையை மூடியிருப்போம். இந்த வீட்டில் நடுக்கூடத்தில் ஒரு பிரஸ் இருந்தது. பெரிய சக்கரம், ஆறு கைப்பிடி, நட்சத்திரம் மாதிரி. கிழக்கே சமையல்கட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அமிலக் கொட்டகை. ஆறு வாரத்தில் ஒன்பது தகடு முடித்தேன், அதற்கு முன்னால் மூன்று வருஷத்தில் முடித்தது நாலு.

இப்போது அந்தப் பிரஸ் பார் கவுண்ட்டர்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். காகிதத்தையும் தகட்டையும் வைத்து ஓட்டுகிற இரும்புப் படுகையின் மேல் கறுப்பு கிரானைட் பலகை. உருளைகளுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி அடுக்கு, அதில் வரிசையாக விஸ்கி கிளாஸ். சக்கரத்துக்குத் தங்கக் கலர் ஸ்ப்ரே பெயின்ட், கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தொட்டி, தொட்டியில் மணி பிளான்ட், அதுவும் பிளாஸ்டிக். சக்கரம் சுற்றக்கூடாது என்று வெல்டிங் வைத்திருக்கிறார்கள். ஒருவகையில் புத்திசாலித்தனம், குழந்தைகள் சுற்றினால் விரல் போய்விடும். நான் குனிந்து அடியில் பார்த்தேன். அழுத்தம் சரிபண்ணுகிற திருகாணி ரெண்டிலும் பழைய கிரீஸ் அப்படியே கெட்டியாக இருந்தது, விரலால் தொட்டால் இன்னும் ஒட்டுகிறது. 'என்னடா தேடற, காசு கீசு விழுந்துடுச்சா' என்று மாமா கேட்டார். என்ன சொல்வது, ஆமாம் என்றேன்.

வடக்கு ஜன்னலுக்கு வருகிறேன். படம் வரைகிறவர்கள் வடக்கு ஜன்னலுக்கு ஏன் அலைகிறார்கள் என்றால் அந்தப் பக்கம் வெயில் பெரும்பாலும் நேராக விழாது, காலை எட்டு மணிக்கு இருக்கிற வெளிச்சம் மத்தியானமும் ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், நிழல் நகராது, நிறம் ஏமாற்றாது. அந்த வீட்டைக் கட்டியவர் அதைத் தெரிந்துதான் அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார். இப்போது அதற்குக் குறுக்கே புரொஜெக்டர் திரை. திரைக்குப் பின்னால் வெளிச்சமே புகாத கெட்டித் திரைச்சீலை. கூரை ஓரம் முழுக்க எல்இடி பட்டை, ரிமோட்டில் பதினாறு கலர். நாங்கள் போன மறுநாள் காலை திரையைச் சுருட்டி, சீலையை இழுத்துவிட்டபோது அந்தக் கூடம் ஒரு நிமிஷம் பழைய கூடமாக இருந்தது. அக்கா பையன் எழுந்து வந்து 'மாமா, கண்ணு கூசுது, மூடுங்க' என்றான். ராத்திரி ரெண்டு மணி வரை அதே திரையில் கிரிக்கெட் பார்த்தவன், பாவம்.

அறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வான் கோ, பிக்காசோ, மோனே, ஃப்ரீடா, எல்லாம் பேர்போன வெளிநாட்டு ஓவியர்கள். கதவில் மரப் பலகை, உள்ளே கட்டிலுக்கு மேல் அவரவர் படத்தின் டிஜிட்டல் பிரின்ட் கேன்வாஸ். அம்மாவுக்கு ஃப்ரீடா அறை கொடுத்தோம், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் படத்தில் இருக்கிற பெண் தன்னையே பார்க்கிறாள் என்று படத்தின் மேல் துண்டு போட்டுவிட்டுத்தான் தூங்கினாள். இவர்கள் நாலு பேரும் ஈசிஆர் பக்கம் வந்ததே இல்லை. இந்த வீட்டில் தங்கி வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஒருவர் பெயரும் எங்கேயும் இல்லை. சரி, அவர்களெல்லாம் பிரபலம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து அரைமணி நேரத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. ஒரு அறைக்குப் பணிக்கர் என்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சோழமண்டலம் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர். 1850-இல் ஆரம்பித்த கல்லூரி அது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் நாம் தினம் கடந்துபோகிற உழைப்பாளர் சிலையைச் செய்தவர். படித்து முடித்த பிள்ளைகள் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து ஓவியத்தை மறந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரம் கைவினை, மீதி நேரம் கலை. பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி 1966-இல் அங்கேயே குடியேறினார்கள். அப்போது அந்தப் பக்கம் சவுக்கும் மணலும் மீனவர் குடிசையும்தான். பணிக்கர் 1977-இல் போய்விட்டார். அதற்கு அப்புறம் ஈசிஆர் வந்தது, டோல் வந்தது, ரிசார்ட் வந்தது, நிலத்தின் விலை எங்கேயோ போனது, சோழமண்டலம் மட்டும் அங்கேயே இருக்கிறது. 2009-இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். காரணம் ரொம்ப எளிது, நிலம் கலைஞர்களுடையது. நான் தங்கியிருந்த இடம் ஒரு குடும்பத்தின் சொத்து, ஒரு டிரஸ்ட் அதை நடத்தியது, நாங்கள் எல்லாம் விருந்தாளிகள். விருந்தாளியைக் கேட்டுக்கொண்டா வீட்டை வாடகைக்கு விடுவார்கள்?

உரிமையாளரை நான் திட்டப் போவதில்லை. அவர் பதினோரு வருஷம் தன் கைக்காசைப் போட்டு நடத்தினார் என்று அப்போதே தெரியும். பாதிச் செலவுக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இங்கே இருக்கிற இன்னொரு அமைப்பின் வழியாகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் திருத்தம் வந்தது, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று. அந்தக் குழாய் அன்றோடு மூடிக்கொண்டது. அதற்கு முன்பே கொரோனா, வர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. கம்பெனிகள் சமூக நலனுக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் இருக்கிறதே என்பீர்கள். சட்டத்தில் கலைக்கும் பண்பாட்டுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பள்ளிக்கூடக் கழிப்பறை கட்டினால் ஃபோட்டோ எடுக்கலாம், ஒருவன் ஆறு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதை எப்படி ஃபோட்டோ எடுப்பது? உப்புக் காற்றில் வருஷத்துக்கு ஒருதரம் கம்பி மாற்ற வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், தண்ணீர் லாரி, ஈபி பில். 2021-இல் மூடினார்கள். அடுத்த வருஷமே ஒரு பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் கம்பெனி கைக்குப் போனது. இன்றைக்கு அந்த வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதே கதை நியூயார்க்கில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 23-வது தெருவில் செல்சீ ஹோட்டல் என்று ஒன்று, 1880-களில் கட்டியது. எழுத்தாளரும் பாடகரும் ஓவியரும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கியிருந்த இடம். நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் இருந்திருக்கிறார், லெனார்ட் கோஹன் இருந்திருக்கிறார், நம் பக்கத்தில் இலங்கையில் வந்து குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் இருந்திருக்கிறார். பல வருஷம் அதை நடத்திய ஸ்டான்லி பார்ட், வாடகை கொடுக்க முடியாதவர்களிடம் ஓவியத்தை வாங்கி லாபியில் மாட்டிக்கொள்வார் என்று பெயர். 2011-இல் கை மாறியது, புது விருந்தினர்களுக்குக் கதவை மூடினார்கள், பல வருஷம் இடிப்பும் கட்டலும் வழக்கும். 2018-இல் பழைய அறைக் கதவுகளை ஏலம் விட்டபோது ஒரு கதவு ஒரு லட்சம் டாலர் தொட்டது. 2022-இல் சொகுசு ஹோட்டலாகத் திறந்தார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள், அங்கே வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் பழைய குடியிருப்பாளர்கள் கொஞ்சம் பேர் இன்னும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். இங்கே அப்படி யாரும் மிஞ்சவில்லை, ஒருவரைத் தவிர.

அவர்தான் சமையல் அக்கா. பக்கத்துக் குப்பத்துக்காரர். முதல் நாள் சாயங்காலம் அறைக்குத் துண்டு கொண்டுவந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

'தம்பி, நீ கையெல்லாம் மையோட சாப்ட உக்காருவியே, அந்தத் தம்பிதானே?'

ஆமாம்க்கா என்றேன். பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, அவர் முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்போது எட்டுப் பேருக்கு மூன்று வேளையும் சமைப்பார், மத்தி மீன் குழம்பு வைத்த அன்று யாரும் மாலை வேலைக்கு உட்கார மாட்டோம், தூக்கம் தள்ளும். இப்போது சமையல் இல்லை, அறை சுத்தம் செய்வதும் துணி எடுத்துப் போடுவதும்தான். சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. பிரஸ்ஸை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அதைப் பழைய இரும்புக்குப் போட ஆள் வந்ததாம், எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தும் வாசற்படி தாண்டவில்லை, நிலைச்சட்டம் பிளந்ததுதான் மிச்சம், அதனால் அங்கேயே இருக்கட்டும் என்று அதற்கு மேல் கல்லைப் போட்டு மூடினார்களாம். ஆக, பிரஸ் தப்பித்ததற்கு அதன் கனம்தான் காரணம், யாருடைய கலை உணர்ச்சியும் அல்ல.

'அப்ப நல்லா இருந்துச்சா, இப்பவாக்கா?' என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

'அப்ப சம்பளம் ஆறாயிரம், இப்ப பதினாலு. என் பொண்ணு நர்சிங் முடிச்சுட்டா' என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஆனா அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் ஐஸ் கேக்க மாட்டாங்க, நீங்கல்லாம் டீதான் கேப்பீங்க' என்று சிரித்தார். நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

சரி, விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டு எங்கேயோ போகிறேன். காசு விவரம். ஒரு இரவுக்கு 24,000, ரெண்டு இரவு 48,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 8,640, சுத்தம் செய்ய 2,500. ஆக 59,140. திருப்பித் தருவதாக முன்பணம் 10,000 தனி. நாங்கள் பதினொரு பேர், நாலு ரூம், தலைக்குப் பார்த்தால் ரொம்ப மோசமில்லை. ஏசி நாலும் நன்றாக ஓடுகிறது. கட்டில் மெத்தை புதுசு, இடுப்பு வலி இருக்கிற அம்மாவே நல்லா இருக்கு என்றாள். குளம் சின்னது, ஆனால் தண்ணீர் சுத்தம், நாலடி ஆழம்தான், பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக ஓரத்தில் உட்காரலாம். கடலுக்கு ஐந்து நிமிஷ நடை, வழியில் கருவேல முள் இருக்கிறது, செருப்பில்லாமல் போகாதீர்கள். அந்தக் கடலில் இறங்காதீர்கள், இழுப்பு ஜாஸ்தி.

குழாயில் வருவது போர் தண்ணீர், உப்பு. குளித்தால் தலைமுடி சாக்குப்பை மாதிரி ஆகிவிடும். குடிக்க ஒரு கேன் வைத்திருந்தார்கள், பதினொரு பேருக்கு ஒரு கேன், அடுத்த கேன் கேட்டால் 100 ரூபாய். சமையல்கட்டில் அடுப்பு இருக்கிறது, நாமே சமைக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், சிலிண்டருக்குத் தனியாக 800 என்று வந்த பிறகுதான் சொன்னார்கள். ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் டீசல் காசு தனி. கொசு, சொல்லவே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள், அது சட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குப்பத்தில் மூன்று மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டாமா.

அமிலக் கொட்டகைதான் இப்போது பார்பெக்யூ இடம். தகரத்தை எடுத்துவிட்டு ஓலை போட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அச்செடுத்த காகிதத்தைக் கிளிப் போட்டுக் காயவைக்கிற கம்பி அந்த இடத்திலேயே இருக்கிறது, அதில் சீரியல் விளக்கு சுற்றியிருக்கிறார்கள். மாமா கோழியைத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தபோது, நான் அங்கே நைட்ரிக் தட்டில் தகட்டின் மேல் எழும்புகிற குமிழியைக் கோழி இறகால்தான் தள்ளிவிடுவேன் என்று சொன்னேன். அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது நான் முன்பே இங்கே இருந்திருக்கிறேன் என்று. அக்காவுக்கு வந்ததே கோபம். 'முதல்லயே சொல்லியிருந்தா டிஸ்கவுன்ட் கேட்டிருப்பேன்ல?'

மறுநாள் விடியற்காலை எல்லாரும் தூங்கும்போது ஏதாவது வரையலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே உட்காருவது? வீடு முழுக்க ஒரு மேஜை இல்லை. சோபா இருக்கிறது, பீன் பேக் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, முட்டி உயரத்துக்கு ஒரு டீப்பாய் இருக்கிறது, சாப்பாட்டு மேஜை வெளியே குளத்துக்குப் பக்கத்தில் கல்லில் கட்டியது, அங்கே வெயில். அப்போது ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் எட்டடிக்கு நாலடி பலகையைக் குதிரைக் கால் மேல் போட்டிருப்பார்கள், அதில் முக்கால்வாசி நேரம் வேறு ஒருவருடைய வேலை பரப்பியிருக்கும், சண்டை போட்டு ஒதுக்க வேண்டும். மேனேஜர் பையனுக்கு ஃபோன் பண்ணி ஒரு டேபிள் கிடைக்குமா என்று கேட்டேன். 'டேபிள் எல்லாம் எடுத்துட்டோம் சார், ஃபோட்டோஷூட்டுக்கு ஃபிரேம்ல இடிக்குது' என்றான். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற ஃபோட்டோஷூட்டுக்குத் தனி ரேட் இருக்கிறதாம், காலை ஆறிலிருந்து பத்து வரை, அதற்காக மூலையில் ஒரு ஈசல், அதாவது ஓவியம் வைத்து வரைகிற மரத் தாங்கி, நிரந்தரமாக நிற்கிறது. அதன் மேல் பாதி வரைந்த மாதிரி ஒரு கேன்வாஸ், பக்கத்தில் நிறம் குழைக்கிற ஒரு பாலெட் தட்டு, அதில் பெயின்ட் காய்ந்து கல்லாகியிருக்கிறது. பிரஷ் நாலும் ஃபெவிக்விக்கில் ஒட்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், வரவில்லை.

என்னை உண்மையில் சங்கடப்படுத்தியது கீழ்த்தளத்துக் கழிவறைதான். அங்கே ஒரு எட்சிங் மாட்டியிருக்கிறார்கள், சலவைக்கல் வாஷ்பேசினுக்கு மேல். என்னோடு அதே ஆறு வாரம் இருந்த ஒரு பெண்ணின் வேலை. வலையைப் பிரிக்கிற ரெண்டு கை, வலை முழுக்க அக்வாடிண்டில், அதாவது கோடு இல்லாமல் நிறச்சாயலை மட்டும் தகட்டில் கொண்டுவருகிற முறையில், வந்த சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் வருவதற்கு அவள் நாலு சோதனை அச்சு எடுத்துக் கிழித்துப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. போகும்போது வீட்டுக்கென்று விட்டுப்போனது அதுதான். இப்போது தங்க நிற சட்டம், அதற்குள் வெள்ளை அட்டையில் கட்டம் வெட்டி மாட்டியிருக்கிறார்கள். அந்த அட்டை, படத்துக்குக் கீழே பென்சிலில் போட்ட பிரதி எண்ணையும் கையெழுத்தையும் சரியாக மறைக்கிறது. மூக்கை வைத்துப் பார்த்தால் கையெழுத்தின் முதல் எழுத்தின் தலைக்கொம்பு மட்டும் அட்டை விளிம்பில் தெரிகிறது. ஈரத்தில் காகிதத்தின் ஒரு மூலை அலையலையாகக் கிளம்பிவிட்டது, இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்காது. ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'டாய்லெட்லயாவது தினம் யாராவது பாக்கறாங்களே' என்று பதில் வந்தது, பின்னாலேயே சிரிப்பு பொம்மை.

மேனேஜர் பையனிடம் சொன்னேன், தம்பி, அதை வேறு சுவருக்கு மாற்றுங்கள், அட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி வெட்டுங்கள், இருநூறு ரூபாய் வேலை. அவன் நல்ல பையன், குறித்துக்கொண்டான். பிறகு, 'அது யார் சார் வரைஞ்சது? கெஸ்ட் கேக்கறாங்க, லோக்கல் ஆர்ட்டிஸ்ட்னு சொல்லிடுவோம்' என்றான். பெயரை எழுதிக் கொடுத்தேன். வைப்பார்களா பார்ப்போம்.

காலி செய்கிற அன்று முன்பணத்தைத் திருப்பித் தர வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். வந்தது வேறு ஆள், கையில் டேப்லெட், ஒவ்வொரு அறையிலும் வீடியோ. கூடத்தில் பார் கவுண்ட்டருக்குக் கீழே, சிவப்பு ஆக்சைடு தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநீலக் கறை. 'இது என்ன சார், உங்க பசங்க இங்க் கொட்டிட்டாங்களா?' என்றார். அது எட்சிங் மை, பிரஷ்யன் நீலம், ஆளி விதை எண்ணெயில் குழைத்தது, சிவப்பு ஆக்சைடில் இறங்கினால் எந்தப் பாலிஷ் மெஷினாலும் எடுக்க முடியாது. அடைக்காமல் விட்ட டப்பாவைக் காலால் தட்டிவிட்டது 2013 ஆகஸ்டில், தட்டிவிட்டது நான். அக்கா சண்டைக்குத் தயாராகிவிட்டாள், நாங்கள் வரும்போதே இருந்தது, உங்கள் பழைய வீடியோவைக் காட்டுங்கள் என்று ஆரம்பித்தாள். நியாயம் அவள் பக்கம்தான். நான் அவளை இழுத்து நிறுத்தி, 'விடுக்கா, நான் கொட்டினதுதான்' என்றேன்.

1,500 பிடித்துக்கொண்டு 8,500 அனுப்பினார்கள், அன்று சாயங்காலமே வந்துவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். போகிறவர்கள் வந்த உடனே எல்லாத் தரையையும் சுவரையும் நீங்களே வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் நாலு கேன் திருவான்மியூரிலேயே வண்டியில் ஏற்றிவிடுங்கள். வரைகிறவராக இருந்தால் மடக்கு மேஜை ஒன்று.